நியமம்: அளவையும் அறமும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, வவுணதீவையும் ஆயித்தியமலையையும் கடந்து செல்வோர் உன்னிச்சைக் குளத்தின் அணைக்கட்டை அடைவர். மாவட்டத்தின் பெரிய நீர்ப்பாசனக் குளங்களுள் அது ஒன்று. நீர்மட்டத்தை அடிக்கணக்கிற் காட்டும் அளவுகம்பமே அக்குளத்தை நம்பி வாழ்வோரின் ஆண்டுக் கணக்கிற்கு முதல் இலக்கத்தைத் தருகின்றது. சிறுபோகத்திற்கு முன்னர் கூடும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில், எத்தனை ஏக்கரில் விதைப்பது, எந்த வட்டைக்கு எந்நாளில் நீர் திறப்பது என்பன அவ்விலக்கத்தை அடியாகக் கொண்டே முடிவு செய்யப்படுகின்றன. கூட்டத்திற்கு வருவோரில் எவரும் குளத்தை மீண்டும் அளந்து பார்ப்பதில்லை. அதற்கு அவர்களிடம் அவகாசமுமில்லை, கருவியுமில்லை. கோடுகளை இட்டவர் சரியாக இட்டிருப்பார் என்னும் நம்பிக்கையே அவர்களுக்குத் துணை.

அக்கோடுகள் ஓர் அடி பிசகியிருந்தன என்று கொள்க. குளத்தில் இல்லாத நீரை நம்பி நிலம் உழப்படும், விதைநெல் தூவப்படும், பயிர் குடலைப் பருவத்தில் நிற்கும்போது வாய்க்கால் வற்றும். பிழை கோடிட்டவருடையது, இழப்போ அவரை ஒருநாளும் கண்டறியாத வேளாண்மைக்காரருடையது. அளவுகோலை ஆக்குபவருக்கும் அதனால் வாழ்பவருக்கும் இடையிலுள்ள இத்தூரமே ஓர் அறவியல் வினாவை எழுப்புகின்றது. தாம் ஒருபோதும் காணப்போகாத மனிதருக்கு, அளவுகோலை ஆக்குபவர் கடன்பட்டிருப்பது யாது?

இவ்வினா மிகக் கூர்மையாக எழும் துறை கதிரியக்க அளவீடு ஆகும். நீரின் குறைவைக் கண் காணும்; நெல்லின் குறைவைக் கை அறியும். கதிரியக்கத்தையோ ஐம்புலன்களுள் எதுவும் அறியாது. அதனை அளப்பதற்கான நியமப் பொருளும் கதிரியக்கம் உடையதாகவே இருத்தல் வேண்டும். தீயை அளக்கச் சிறு தீ ஒன்றை வளர்த்து வைத்திருப்பதைப் போன்ற நிலை இது. எனவே கதிரியக்க நியமத்தை ஆக்குபவருக்குக் கடன் இரண்டு: அது மெய்யானதாயிருத்தல் வேண்டும், தீங்கற்றதாயும் இருத்தல் வேண்டும்.

சொற்களின் சாட்சி

ஈழத்தின் அறிவியற்றமிழ், ஒப்பிட்டு அளப்பதற்கென ஏற்றுக்கொள்ளப்பட்ட பொருளை ‘நியமம்’ என்று வழங்குகின்றது. இரசாயனவியல் பயிலும் மாணவர் ஒவ்வொருவரும் நியமக் கரைசலை ஆக்கியறிந்தவரே. அதே சொல் அட்டாங்க யோகத்தின் இரண்டாம் உறுப்புக்கும் பெயராகும். இயமம் செய்யத்தகாதனவற்றை விலக்குவது. நியமம் செய்யத்தக்கனவற்றில் ஒழுகி நிற்பது. ஆய்வுகூடத்தின் கண்ணாடிப் புட்டிக்கும் சாதகனின் ஒழுக்கத்திற்கும் ஒரே பெயர் அமைந்தது கலைச்சொல் ஆக்கியோர் எதிர்பாராத தற்செயலாகலாம். ஆயினும் அத்தற்செயல் ஓர் உண்மையைத் தொட்டு நிற்கின்றது.

‘அளவை’ என்னும் சொல்லும் அத்தகையதே. மரைக்காலும் அளவை, அறிவைப் பெறும் வழியும் அளவை. அளவைகள் பலவெனக் கூறுவோர் கூறினும் அவை காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்பது சிவஞான சித்தியாரின் நிலைப்பாடு. காட்சி என்பது நேரே அறிதல். கருதல் என்பது கண்டதைக் கொண்டு காணாததை உய்த்துணர்தல். உரை என்பது நம்பத்தக்கோர் சொல்லால் அறிதல். அறிவியல் முதலிரண்டையும் மட்டுமே ஏற்றுக்கொள்கின்றது, மூன்றாவதைச் சமயத்திற்கு விட்டுவிடுகின்றது என்ற எண்ணம் கற்றோரிடையே பரவலாக உண்டு. ஆய்வுகூடத்தினுட் சென்று பார்த்தால் அவ்வெண்ணம் நிலைபெறாது.

உன்னிச்சைக் குளத்தின் வண்டலில் ஒரு கிலோகிராமை மாணவன் ஒருவன் ஆய்வுகூடத்திற்குக் கொண்டு வருவதாகக் கொள்க. அதனை அவன் உலர்த்தி, அரித்து, கலத்தில் இட்டு, காமாக் கதிர் எண்ணியின்மீது வைக்கின்றான். ஒரு மணித்தியாலத்தில் இத்தனை துடிப்புகள் என்று கருவி காட்டுவது காட்சி. அதிலிருந்து வண்டலில் இத்தனை பெக்கரல் கதிரியக்கம் உண்டு என்று கணிப்பது கருதல். ஆனால் வண்டலிலிருந்து எழும் கதிர்கள் யாவும் கருவிக்குள் வருவதில்லை. சில வேறு திசைகளிற் செல்கின்றன; சில வண்டலினுள்ளேயே உறிஞ்சப்படுகின்றன; சில கருவியை ஊடறுத்து ஓசையின்றி மறைகின்றன. நூற்றுக்கு எத்தனை பதிவாகின்றன என்பதை அறிய, கதிரியக்கம் முன்னரே தெரிந்த ஒரு நியமத்தை அதே வடிவக் கலத்தில், அதே உயரத்திற்கு நிரப்பி, அதே இடத்தில் வைத்து எண்ண வேண்டும். அந்நியமத்தின் பெறுமானம் மாணவனுக்கு எவ்வாறு தெரியும்? புட்டியில் ஒட்டிய சீட்டில் அது எழுதப்பட்டிருக்கின்றது. அது உரை. காட்சியும் கருதலும் அவ்வுரையின் தோளிலேயே நிற்கின்றன.

உரை அளவையாவதற்கு உரைப்பவரிடம் இரண்டு தகுதிகளை நம் மரபினர் எதிர்பார்த்தனர்: பொருளை உள்ளவாறு அறிந்திருத்தல், அறிந்தவாறு கூறுதல். முன்னது ஆற்றல், பின்னது வாய்மை. ஆற்றலிருந்தும் வாய்மை இல்லாதவரின் சீட்டும், வாய்மையிருந்தும் ஆற்றல் இல்லாதவரின் சீட்டும் ஒரே அளவிற்குப் பயனற்றவை. அளவீட்டின் அடித்தளத்தில் அறம் நுழையும் வாயில் இதுவே.

இலங்கைக் கனியமும் பாரிசுக் குழாயும்

புட்டியின் சீட்டு எப்போதும் உண்மையைச் சொல்லிவிடுவதில்லை என்பதற்குக் கதிரியக்கவியலின் தொடக்க காலமே சான்று. அச்சான்றில் இலங்கைக்கும் பங்குண்டு. பின்னாளிற் கீழைத்தேயக் கலைவரலாற்றாசிரியராகப் புகழெய்திய ஆனந்த குமாரசுவாமி, கொழும்பிற் பிறந்த தமிழ்ப் பெருமகனார் முத்துக்குமாரசுவாமியின் புதல்வர். அவர் 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிய ஆய்வின் பணிப்பாளராக விளங்கினார். அக்காலத்தில், 1904ஆம் ஆண்டு, சப்பிரகமுவைப் பகுதியின் மணிக்கற் சரளைகளிற் கிடைத்த கரிய பாரமான பளிங்குகள் அவர்வழி அறிவுலகின் கவனத்தைப் பெற்றன. தொடக்கத்தில் யுரேனியக் கனியம் என்று கருதப்பட்ட அவை, பகுப்பாய்வில் தோரியம் செறிந்த புதிய கனியமெனத் தெரியவந்தன. தோரியனைற்று என்னும் பெயர் அதற்கு இடப்பட்டது.

அக்கனியத்திலிருந்து பெறப்பட்ட பேரிய உப்பு இலண்டனில் வில்லியம் ராம்சேயின் ஆய்வுகூடத்தை அடைந்தது. அதிலுள்ள இரேடியத்தைப் பிரித்தெடுக்கும் பணி, ஜேர்மனியிலிருந்து வந்திருந்த ஓட்டோ ஹான் என்னும் இளைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. இரேடியத்தைத் தேடிய அவர், இரேடியத்தின் இயல்போடு பொருந்தாத கதிர்வீச்சு ஒன்றைக் கண்டார். கணக்கைச் சீட்டுக்கு இயைய வளைக்காமல், பொருந்தாமையைப் பின்தொடர்ந்தார். 1905இல் ரேடியோதோரியம் அறியப்பட்டது அவ்வாறுதான். அது தோரியத்தின் ஒரு சமதானி என்பது பின்னர் தெளிவாயிற்று. ஒரு பெயரின்கீழ் இரு பொருள்கள் மறைந்திருக்கலாம் என்பதை அப்புட்டி உணர்த்தியது. நியமத்திற்குத் தூய்மை ஏன் இன்றியமையாதது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

அந்நாள்களில் ஒவ்வோர் ஆய்வுகூடமும் தன்னிடமிருந்த இரேடியத்தைத் தானே நியமமாகக் கொண்டிருந்தது. ஒருவர் அளந்த ஒரு மில்லிகிராம் மற்றவரின் ஒரு மில்லிகிராமுக்கு ஒவ்வாதிருந்தது. 1910இல் பிரசெல்சு நகரிற் கூடிய மாநாடு பொது நியமம் ஒன்றை ஆக்குமாறு மேரி கியூரியை வேண்டிற்று. அவர் 1911இல் 21.99 மில்லிகிராம் தூய இரேடியங் குளோரைட்டைக் கண்ணாடிக் குழாயொன்றில் இட்டு முத்திரையிட்டார். வியன்னாவில் ஹோனிக்சுமிட் என்பவர் தனித்து ஆக்கிய நியமங்கள் 1912இல் பாரிசில் அதனோடு ஒப்பிடப்பட்டன. குழாய்களைத் திறவாமல், அவற்றிலிருந்து வெளிப்படும் காமாக் கதிர்களைக் கொண்டே ஒப்பீடு நடைபெற்றது. ஒருவரையொருவர் சாராது உழைத்த இருவரின் பெறுமானங்கள் பரிசோதனை வழுவின் எல்லைக்குள் ஒத்திருந்தன.

கியூரி அம்மையாருக்கு அக்குழாயைத் தம் ஆய்வுகூடத்திலேயே வைத்துக்கொள்ளும் விருப்பம் இருந்தது. அவ்விருப்பத்தைக் குறைகூறுவது எளிதன்று. கொட்டகையொன்றில் ஆண்டுக்கணக்காகக் கனியத்தைக் காய்ச்சி இரேடியத்தை வேறாக்கியவர் அவர். எனினும் அனைவருக்கும் பொதுவான அளவுகோல் ஒருவரின் உடைமையாக இருத்தலாகாது என்னும் கருத்தே இறுதியில் மேலோங்கியது. குழாய் பாரிசுக்கு அருகே செவ்ர் என்னுமிடத்திலுள்ள அனைத்துலக நிறை அளவைப் பணிமனையில் வைக்கப்பட்டது. களவெட்டியில் மரைக்காலைப் பிடிப்பவர் நெல்லின் சொந்தக்காரராகவும் இருப்பின், அவர் எவ்வளவு நேர்மையாளராயினும் கூலிக்கு வந்தவரின் மனம் அமைதியுறாது. உடைமையிலிருந்து அளவையைப் பிரித்து வைப்பதும் நியமத்தின் ஒழுக்கங்களுள் ஒன்று.

அவ்வரலாற்றுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. மேரி கியூரி 1934இல் குருதியாக்கம் நலிந்த நோயினால் இறந்தார். நீண்டகாலக் கதிர்வீச்சே அந்நோய்க்குக் காரணம் என்று கருதப்படுகின்றது. அவருடைய குறிப்பேடுகள் இன்றும் கதிரியக்கம் உடையனவாய் ஈயப் பெட்டிகளிற் பேணப்படுகின்றன. உலகுக்கு மெய்யான நியமத்தைத் தந்தவரிடம் தீங்கற்ற நியமம் இருக்கவில்லை. மெய்ம்மையும் தீங்கின்மையும் தாமாகவே சேர்ந்து வருவனவல்ல. முயன்று சேர்க்க வேண்டியவை என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது.

பசளை மூட்டையிலுள்ள நியமம்

தீங்கற்ற நியமம் எங்கே கிடைக்கும்? அதற்கான விடைகளுள் ஒன்று உன்னிச்சை வயல்வெளியில் வரப்பின்மீது சாய்த்து வைத்த பசளை மூட்டைக்குள் இருக்கின்றது. எம். ஓ. பி. என்று விவசாயிகள் அழைக்கும் பொட்டாசுப் பசளை பெரும்பாலும் பொற்றாசியங் குளோரைட்டே ஆகும். இயற்கைப் பொற்றாசியத்தின் அணுக்களுள் 10,000க்கு ஏறத்தாழ ஒன்று பொற்றாசியம்-40 என்னும் கதிரியக்கச் சமதானி. அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 125 கோடி ஆண்டுகள். அதனால் ஒரு கிராம் பொற்றாசியம் ஒவ்வொரு செக்கனிலும் ஏறத்தாழ 31 அணுச்சிதைவுகளை, அதாவது 31 பெக்கரலை, உடையதாகின்றது. பூமி முழுவதும் இவ்விகிதம் மாறாதிருப்பதால், தூய பொற்றாசியங் குளோரைட்டை நிறுத்தறியும் எவரும் அதன் கதிரியக்கத்தை அறிந்தவராவர். ஒரு கிராமுக்கு ஏறத்தாழ 16 பெக்கரல். தராசு ஒன்றே இங்கு போதுமானது. ஈயச் சுவரும் உரிமப் பத்திரமும் வேண்டியதில்லை. பல்கலைக்கழகப் பௌதிகவியல் ஆய்வுகூடங்களில் மாணவருக்குக் கதிரியக்க அளவீடு கற்பிக்க இவ்வெண்ணிறப் பளிங்கு பயன்படுவதற்குக் காரணம் இதுவே.

இதே கணக்கை வேறொரு விதமாகச் சொல்லலாம். 50 கிலோகிராம் பொட்டாசு மூட்டையொன்றில் ஏறத்தாழ 7.7 இலட்சம் பெக்கரல் கதிரியக்கம் உண்டு. இக்கூற்று முழுமையாக உண்மை. இதனை எவ்வித விளக்கமுமின்றி உன்னிச்சைச் சந்தியில் ஒலிபெருக்கியிற் சொன்னால், அடுத்த போகத்தில் அப்பசளையைத் தொட எவரும் துணியார். அதே வாயால், வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலிலேயே பொற்றாசியத்தால் ஏறத்தாழ 4,400 பெக்கரல் இயல்பாக உண்டென்பதையும், ஒரு கியூரி என்பது 3,700 கோடி பெக்கரல் என்பதையும் சொன்னால் அச்சம் தன் அளவிற்குச் சுருங்கும். எண் மெய்யாயிருந்தும் ஒப்பீடு இல்லாதபோது பொய்யின் தொழிலைச் செய்கின்றது. நியமம் என்பது ஒப்பீட்டுக்கான பொருள். ஆதலால் அது தவறான துணிவைப் போலவே தவறான அச்சத்தையும் நீக்கவல்லது.

செர்னோபில் அணுவுலை 1986இல் வெடித்தபின் இலங்கைக்கு இறக்குமதியான பால்மா கதிரியக்கச் சோதனைக்கு உட்பட்டது. அச்சோதனை தேடியது உலையிலிருந்து பரவிய சீசியத்தை. ஆனால் எந்தப் பால்மாவிலும் இயற்கைப் பொற்றாசியத்தால் ஒரு கிலோகிராமுக்குச் சில நூறு பெக்கரல் முன்னரே இருக்கும். சீசியம்-137இன் காமாக் கதிர் 662 கிலோ இலத்திரன்வோற்றுச் சத்தியுடையது. பொற்றாசியம்-40இன் கதிர் 1461. கருவியின் அளவுத்திட்டத்தை நியமங்களைக் கொண்டு முன்னரே சரிசெய்து வைத்த ஆய்வுகூடமே அவ்விரண்டையும் வேறுபிரித்து, வேலைக்குப் புறப்படும் முன் பால்தேநீர் அருந்தும் ஒருவருக்கு மெய்யைச் சொல்ல முடியும்.

ஆக்கும் முறையும் அதன் ஒழுக்கமும்

பொற்றாசியம் எல்லாவற்றுக்கும் நியமமாகிவிடாது. மண்ணிலும் பாறையிலுமுள்ள யுரேனியத்தையும் தோரியத்தையும் அளக்க அவற்றையுடைய நியமங்களே தேவை. சருவதேச அணுசக்தி முகவரகம் 1987இல் வழங்கிய மூன்று நியமப் பொருள்கள் உலகெங்கும் அறியப்பட்டவை. அவை கனடாவின் கனிய ஆய்வு நிலையத்தில் ஆக்கப்பட்டன. யுரேனியக் கனியத்தை மிக நுண்ணிய சிலிக்காத் தூளோடு கலந்து, ஒரு கிலோகிராமில் 400 மில்லிகிராம் யுரேனியம் மட்டுமே இருக்குமாறு ஐதாக்கியது ஒன்று. ஒரு கிலோகிராமில் 800 மில்லிகிராம் தோரியம் உள்ளது மற்றொன்று. தூய பொற்றாசியஞ் சல்பேற்று மூன்றாவது. இவற்றுள் எதுவும் ஆய்வாளரை அச்சுறுத்தும் வலிமையுடையதன்று.

ஐதாக்குதல் என்பது சொல்லில் எளிது, செயலில் அரிது. கனியத்தின் ஒவ்வொரு துகளும் மாவினும் நுண்ணிதாக அரைக்கப்பட வேண்டும். சிலிக்காவின் எந்தக் கரண்டியை எடுத்தாலும் அதே விகிதம் இருக்குமாறு கலக்க வேண்டும். புட்டிகளை எழுமாற்றாகத் தெரிந்து, மேலிருந்தும் அடியிலிருந்தும் எடுத்துச் சோதிக்க வேண்டும். பின்னர் கலத்தைக் காற்றுப் புகாதவாறு மூட வேண்டும். ஏனெனில் யுரேனியத்தின் சிதைவுத் தொடரில் இரேடன் என்னும் வாயு பிறந்து தப்பிச் செல்லக்கூடியது. அது தப்பினால் அதன் பின்வரும் தலைமுறைகளின் கதிர்களும் குறைந்து, சீட்டிலுள்ள பெறுமானம் பொய்யாகிவிடும். மூடிய பின்பும் உடனே அளத்தலாகாது. இரேடனின் அரைவாழ்வு 3.8 நாள். அத்தொடர் சமநிலை எய்த ஏறத்தாழ நான்கு வாரம் காத்திருக்க வேண்டும். அக்காத்திருப்பை எவரும் மேற்பார்வை செய்வதில்லை. மூன்றாம் வாரத்தில் அளந்துவிட்டு நான்காம் வாரமென எழுதிவிட ஒருவரால் இயலும். அவரைத் தடுப்பது அவருடைய நியமம் ஒன்றே.

ஈண்டு ஒரு தடை நிகழ்த்தப்படலாம். வலிமை குறைந்த நியமம் தெளிவு குறைந்த அளவீட்டையன்றோ தரும்? தீங்கின்மைக்காக மெய்ம்மையை விட்டுக்கொடுப்பது அறிஞர்க்கு அழகா? தடை வலுவானது; அதனைக் கணக்கிட்டே நோக்க வேண்டும். அணுச்சிதைவு எழுமாற்றாக நிகழ்வது. 100 துடிப்புகளை எண்ணினால் அவ்வெண்ணில் நூற்றுக்குப் பத்து அளவிலான ஐயம் தங்கும். 10,000 எண்ணினால் ஐயம் நூற்றுக்கு ஒன்றாகக் குறையும். ஒரு கருவி நூறு சிதைவுகளில் ஒன்றைப் பதிவு செய்வதாகவும், பின்னணிக் கதிர்வீச்சைத் தனியே கழித்துக்கொள்வதாகவும் கொண்டால், 16,000 பெக்கரல் வலிமையுள்ள முதல் ஒன்று 10,000 துடிப்புகளை ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் தரும். ஒரு கிராம் பொற்றாசியங் குளோரைட்டுக்கு அதே தெளிவைத் தரப் பதினேழு மணித்தியாலத்திற்கு மேல் வேண்டும்.

எனவே மெலிந்த நியமம் மெய்ம்மையைக் குறைப்பதில்லை, காலத்தைக் கூட்டுகின்றது. இதன் அறவியற் பொருள் ஆழ்ந்து நோக்கத்தக்கது. வலிய முதலைத் தெரிபவர் ஒரு நாளைச் சேமிக்கின்றார். அதன் விலையை அதனைத் துடைக்கும் பணியாளர், நாளை அப்புட்டியை உடைக்கும் மாணவர், அது சென்று சேரும் குப்பைமேட்டில் விளையாடும் சிறுவர் ஆகியோருள் எவரோ தம் உடலாற் செலுத்தக்கூடும். மெலிந்த நியமத்தைத் தெரிபவர் அவ்விலையைத் தம் பொறுமையால் தாமே செலுத்திவிடுகின்றார். தேவைக்குப் போதிய வலிமை, அதற்கு மேல் ஒரு துளியும் வேண்டாம் என்னும் கதிரியக்கப் பாதுகாப்பு விதி வெறும் தொழில்நுட்ப விதியன்று. தன் வசதியின் சுமையைப் பிறர் தலையில் ஏற்றாதே என்னும் பழைய அறத்தின் புதிய வடிவம். மருத்துவத்திலும் தொழிற்சாலையிலும் வலிய முதல்கள் இன்றியமையாத இடங்கள் உண்டு என்பதை இவ்வறம் மறுக்கவில்லை. அவ்விடங்களிலும் ‘எவ்வளவு போதும்’ என்னும் வினாவை எழுப்பிய பின்னரே கைவைக்குமாறு அது பணிக்கின்றது.

மறதி என்னும் குற்றம்

அவ்வினாவை ஒருமுறை எழுப்புவதோடு கடமை முடிந்துவிடுவதில்லை. 2010ஆம் ஆண்டு டெல்லியின் மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தையில் நிகழ்ந்தது பல்கலைக்கழகங்கள் யாவும் நினைவிற் கொள்ள வேண்டிய பாடம். டெல்லிப் பல்கலைக்கழக இரசாயனவியற் பகுதியில் கால் நூற்றாண்டளவாகப் பயன்படாதிருந்த காமாக் கதிர்வீச்சுக் கருவியொன்று ஏலத்தில் விற்கப்பட்டது. அதனுள் கோபாற்று-60 இருந்தது. இரும்பென வாங்கியோர் அதனைப் பிரித்தனர். பலர் நோயுற்றனர், தொழிலாளி ஒருவர் இறந்தார். அப்பொருளைப் பற்றிய அறிவு நூல்களில் இருந்தது; பிரித்த கைகளிடம் இருக்கவில்லை. தீய நோக்கம் கொண்டவர் என்று எவரையும் சுட்ட முடியாத அந்நிகழ்ச்சியில் குற்றவாளியாக நின்றது மறதி.

நியமப் புட்டியின் சீட்டில் பெறுமானத்தோடு திகதியும் எழுதப்படுவதன் பொருள் இங்கு விளங்கும். கோபாற்று-60இன் அரைவாழ்வு 5.27 ஆண்டு, சீசியம்-137இனது ஏறத்தாழ 30 ஆண்டு. திகதியில்லாத பெறுமானம் காலப்போக்கிற் பொய்யாகிவிடும். திகதியும், பொறுப்பாளரின் பெயரும், இறுதியில் எங்கே ஒப்படைப்பது என்னும் குறிப்பும் சேர்ந்ததே முழுமையான சீட்டு. இலங்கையில் 1969இன் சட்டம் இத்துறைக்கென அதிகாரசபையொன்றை நிறுவிற்று. 2014ஆம் ஆண்டின் 40ஆம் இலக்கச் சட்டம் அணுசக்தியை வளர்க்கும் சபையையும் அதனை ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வெவ்வேறாக்கியது. பயன்படுத்துபவரும் கண்காணிப்பவரும் ஒருவராயிருத்தல் கூடாது என்னும் நெறி இதில் உள்ளது. ஆயினும் சட்டம் அலுமாரிக்குள் எட்டிப் பார்க்காது. ஓய்வுபெற்றுச் செல்லும் விரிவுரையாளர், பின்வருபவரை அழைத்து, ‘இந்தப் புட்டி இது, இதனை இவ்வாறு காக்க’ என்று கூறி ஒப்படைக்கும் அந்த ஒரு மணித்தியாலமே மறதிக்கு மருந்து.

ஐயத்தைக் கூறும் வாய்மை

நியமத்தின் சீட்டில் இன்னொரு வரியும் உண்டு. பெறுமானத்தை அடுத்து, இவ்வளவு கூடலாம் அல்லது குறையலாம் என்று அதன் ஐயம் எழுதப்படுகின்றது. சாதாரண வாழ்வில் ஐயத்தை வெளியிடுவது பலவீனமாகக் கருதப்படும். சந்தையில், ‘இந்தப் படி ஏறக்குறைய ஒரு படி’ என்று சொல்லும் வணிகரிடம் எவர் வாங்குவர்? அளவீட்டியலிலோ ஐயமே இல்லாத எண்தான் ஐயத்திற்குரியது. தமக்குத் தெரிந்ததன் எல்லையைத் தாமே வகுத்துச் சொல்பவரின் சொல்லை, அவ்வெல்லைக்குள் முழுமையாக நம்பலாம். வாய்மை என்பது அறிந்ததைச் சொல்வதோடு நின்றுவிடாது, அறிந்ததன் எல்லையையும் சொல்வது என்னும் கருத்து இத்துறையின் அன்றாட வழக்காகிவிட்டது. ஏனைய துறைகள் இதனிடம் கற்றுக்கொள்ளத்தக்கதும் இதுவேயாகும்.

மாணவன் கொண்டுவந்த வண்டலுக்கு மீள்க. வண்டலின்மேல் நின்ற நீர் வயலுக்கும் பாய்கின்றது. சுத்திகரிக்கப்பட்டு மட்டக்களப்பு மக்களின் குடிநீராகவும் செல்கின்றது. குடிநீரை முதற்கட்டமாக வடித்துப் பார்ப்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை, மொத்த அல்பாக் கதிரியக்கம் ஒரு லீற்றருக்கு 0.5 பெக்கரல், மொத்த பீற்றாக் கதிரியக்கம் 1 பெக்கரல். இவ்வெல்லையைத் தாண்டாத நீரை அருந்தத் தடையில்லை. தாண்டினால் மேலும் ஆராய வேண்டும். பீற்றாவின் மிகுதிக்குப் பொற்றாசியமே காரணமாகவும் இருக்கலாம் என்பதால் அதனைத் தனியே அளந்து கழிக்க வேண்டும். நியமம் நூற்றுக்குப் பத்து பிழைத்திருப்பின், 0.95 என்று அறிவிக்க வேண்டிய நீர் 1.05 ஆகிவிடும். ஓர் ஊர் காரணமின்றி அஞ்சும். பிழை மறுபுறம் சாய்ந்தால் ஆராயப்பட வேண்டிய நீர் ஆராயப்படாமற் போகும். இரண்டு பிழைகளையும் செய்தவர் தொலைதூர நாடொன்றில் தூளைக் கலக்கி, நான்கு வாரம் காத்திருக்கச் சலித்துக்கொண்ட ஒருவராக இருக்கலாம். உன்னிச்சை என்னும் பெயரை அவர் கேட்டேயிருக்கமாட்டார்.

அறம் பெரும்பாலும் முகத்துக்கு முகம் நிகழ்வதாகவே எண்ணப்பட்டு வந்துள்ளது. பசித்தவர் முன்னே நிற்கின்றார், உணவிடுவது கடன். அறிவியல் வளர்ந்த உலகிலோ ஒருவரின் செயல் அவர் பெயரறியாத ஊர்களிற் பலிக்கின்றது. அங்கே இரக்கம் வேலை செய்யாது. இரங்குவதற்கு முகம் இல்லை. அவ்விடத்தில் மனிதரை மனிதரோடு பிணைப்பது, எவரும் பாராதபோதும் சரியாகச் செய்யும் ஒழுக்கம். வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் துலாக்கோலை உவமையாக்கினார். கோலுக்கு முகங்கள் தெரியாது. தெரியாமலிருப்பதே அதன் சிறப்பு. ஆயினும் அக்கோலை ஆக்கும் மனிதருக்கு முகங்கள் உண்டென்பது தெரிந்திருத்தல் வேண்டும்.

உன்னிச்சையில் அடுத்த சிறுபோகக் கூட்டமும் கூடும். அளவுகம்பம் காட்டும் அடியை ஒருவர் உரத்து வாசிப்பார். கூடியிருப்போர் அதனைக் கேட்டு, தத்தம் வயலின் பரப்பை மனத்துக்குள்ளே பெருக்கிப் பார்த்து, விதைநெல்லுக்குக் கணக்கிடத் தொடங்குவர். கோடு இட்டவர் யாரென்று எவரும் வினவமாட்டார்.